ஆம்பூராருக்கு ஒரு இலை

முதல் நாள், 20.9.2019, வெள்ளி, பெங்களூரு

எங்கள் வீட்டில் மகாளய அமாவாசைக்கு எப்போதும் ஒரு இலை கூடுதலாகப் போடுவோம். முன்னோர்களுக்குப் போடும் இலைகளோடு சேராமல், கொஞ்சம் தள்ளித் திண்ணைப் பக்கம் அது இருக்கும். தாத்தா போட ஆரம்பித்த வழக்கம். 1989-இல் அவர் போன பிறகு அப்பா தொடர்கிறார். அந்த இலை யாருக்கு என்று கேட்டால் "ஆம்பூரானுக்கு" என்பார் தாத்தா. ஆம்பூரான் யார் என்றால் "பர்மா ரோட்டுல என்னோட இருந்தவன்". அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாட்டி ஒருமுறை, "வீட்டுக்குள்ள இலை போடறோமே, என்ன சாதின்னாவது சொல்லுங்க" என்று கேட்டாராம். "சாப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

அப்பாவுக்கு 71 வயது. இந்த வருட அமாவாசைக்குள் அந்த இலைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பங்குனியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் இந்தப் பயணம். தாத்தா வேலை செய்த இடங்களைப் பார்த்துவிட்டு, 28-ஆம் தேதி அமாவாசைக்கு மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரே ஊரில் இருப்பதாகத் திட்டம். முடிந்தவரை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

தாத்தா பென்னாகரம் பக்கத்துக்காரர். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. 1941-இல் பெங்களூருக்கு நடந்தும் வண்டி ஏறியும் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780 செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னை ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, பின்வாங்கும்போது கட்டிய பாலத்தைத் தானே தகர்ப்பது எல்லாம் சாப்பரின் வேலை. முள்வேலியைப் பிளக்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912-இல் இங்கேதான் உருவானது; அதைச் செய்த கேப்டன் மெக்ளின்டாக் இந்தப் படையைச் சேர்ந்தவர். ராணுவம் முழுக்க இவர்களைக் கூப்பிடும் பெயர் 'தம்பி'.

எங்களிடம் இருந்தவை மூன்று பொருள்கள். முதலாவது பர்மா ஸ்டார், இரண்டாம் உலகப் போரின் பர்மாப் போர்முனைக்குத் தந்த ஆறு முனை வெண்கல நட்சத்திரம். இரண்டாவது போர்ப் பதக்கம், வட்டமானது, பின்பக்கம் சிங்கம் ஒன்று இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்கும். அதன் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணும் 'சாப்பர்' என்ற பதவியும் தாத்தாவின் பெயரும் பொடி எழுத்தில் தெரியும். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த அதே பதக்கத்தை இந்தியர்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பேத்தியாக எனக்கு அது பெரிய உதவி. எண்ணை வைத்துத்தான் தேடலே தொடங்கியது.

மூன்றாவது பொருளைப் பாட்டி மிளகு நசுக்க வைத்திருந்தார். எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உருண்டை இரும்பு. ஒரு முனை கூம்பி, அதில் குறுக்கே ஒரு சிறு துளை. மறு முனையின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். ஏறக்குறைய மூன்று கிலோ. 'பாலக்கட்டை' என்று எங்கள் வீட்டுப் பெயர். அது பெய்லி பாலத்தின், அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டும் ராணுவப் பாலத்தின், பேனல் பின் என்று எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அப்பா அதை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறார்.

இன்று அல்சூர் ஏரிக்கரையில் உள்ள படை மையத்துக்கு, முன்பே எழுதி வாங்கிய அனுமதியோடு போனோம். வாசலில் நின்ற ஹவில்தார் திருவண்ணாமலைக்காரர். தாத்தாவின் எண்ணைப் பார்த்ததும் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை" என்றார். அப்பாவுக்குக் குரல் வரவில்லை. தாத்தாவின் பதிவில் சேர்ந்த நாள், பயிற்சி, பணியாற்றிய ஃபீல்டு கம்பெனி, 1946-இல் விடுவித்த நாள் எல்லாம் நாங்கள் தேடி வைத்திருந்ததோடு ஒத்துப்போயின. ஆம்பூராரைக் கேட்டால் எண்ணோ பெயரோ இல்லாமல் எப்படித் தேடுவார்கள்?

சுபேதார் சுப்பிரமணியனின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றோம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கூட வந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டவர். ஜார்ஜ் கிராஸ் வீர விருது கொடுத்தார்கள். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள், 22.9.2019, ஞாயிறு, கோஹிமா

கொல்கத்தா வழியாக திமாப்பூர், அங்கிருந்து 74 கிலோமீட்டர் மலைப்பாதை. நாகாலாந்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், முன்பே வாங்கியிருந்தோம். சாலையை அகலப்படுத்துகிறார்கள், வழியெல்லாம் சேறு. அப்பா சன்னலோரம் உட்கார்ந்து மலைச்சரிவில் மண் எங்கே சரிந்திருக்கிறது, எங்கே கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தார். இந்தப் பழக்கம் தாத்தாவிடமிருந்து வந்தது. எந்த ஊருக்குப் பேருந்தில் போனாலும் தாத்தா கல்வெர்ட்டுகளைத்தான் பார்ப்பார். "தண்ணி போக வழி விடாதவன் ரோடு போடக் கூடாது" என்பார்.

திமாப்பூரில் ரயில் நின்றுவிடும். அதற்கு மேல் கோஹிமா, இம்பால், எல்லை வரை எல்லாச் சோறும் குண்டும் மருந்தும் இந்த ஒரே சாலையில்தான் போயாக வேண்டும். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் அதை வெட்டினார்கள். ஜூன் 22-ஆம் தேதி 109-ஆவது மைல்கல் அருகே வடக்கிலிருந்து வந்த படையும் தெற்கிலிருந்து வந்த படையும் சந்தித்தபோதுதான் திரும்பத் திறந்தது.

நான்காம் நாள், 23.9.2019, திங்கள், கோஹிமா

போர்க் கல்லறைத் தோட்டம் ஊர் நடுவில், மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. 1,420 கல்லறைகள். 1944 ஏப்ரல் 4-ஆம் தேதி தொடங்கிய சண்டையில் இந்தச் சரிவின் ஒவ்வொரு படிக்கும் ஆள் செத்திருக்கிறான். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, மறுபக்கம் ஜப்பானியர். இடையில் கையெறி குண்டு வீசும் தூரம். அந்த மைதானத்தின் கோடுகளை இன்று சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் படம் எடுக்கும் கீழ்க் கல்லைத் தாண்டி அப்பா மூச்சு வாங்க மேலே ஏறினார். உச்சியில் இருப்பது எரியூட்டப்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம். இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள், படைப்பிரிவு வாரியாக.

எங்கள் தேடல் எங்கே நிற்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தென்கிழக்கு ஆசியப் படைகளின் போர்நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. தாத்தாவின் கம்பெனி எழுதிய குறிப்பை நகல் வாங்கினேன். தட்டச்சு செய்த தாள்கள். நாள், இடம், நடந்தது, கடைசியில் அதிகாரியின் கையெழுத்து. ஒரு பாலத்துக்கு எத்தனை பேனல், எத்தனை மணி நேரம், மழை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் உண்டு. அதிகாரி விடுப்பில் போனால் அவர் பெயர் உண்டு. சிப்பாய் செத்தால் பெயர் கிடையாது. '1 ஐ.ஓ.ஆர்.' என்று இருக்கும். அதிகாரி அல்லாத இந்தியர் ஒருவர் என்று பொருள்.

1944 ஜூலையில் அப்படி ஒரு வரி. பாலம் கட்டும் இடத்துக்கு மேலே மண் சரிந்தது, 1 ஐ.ஓ.ஆர். மரணம், இருவருக்குக் காயம். அடுத்த வரியில் பாலம் மறுநாள் காலை போக்குவரத்துக்குத் திறந்தது. தாத்தாவின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. "மண்ணு விழுந்துச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காயம்பட்ட இருவரில் ஒருவர் அவர். செத்தவர் ஆம்பூரார். அந்த வரியைப் படித்த இரவு நான் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். விளக்கைப் போடாமலே உட்கார்ந்திருந்தார்.

தேதி கிடைத்துவிட்டது. மெட்ராஸ் சாப்பர் ஒருவர், அந்தத் தேதி. எரியூட்டல் நினைவுச் சின்னங்களில் உள்ள பெயர்களை இணையத்திலிருந்து எடுத்து, தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யாரும் பொருந்தவில்லை. பதிவில் தேதி பிழையாக இருக்கலாம், நேரில் போய்ப் பார்ப்போம் என்றார் அப்பா.

இன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் பெயர்களை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆங்கில எழுத்தில் நசுங்கிக் கிடந்தாலும் எல்லாம் நம் கோயில் வரி நோட்டில் இருக்கும் பெயர்கள்தான். வாய்விட்டுப் படிக்கும்போது சரியான உச்சரிப்பு தானாக வந்துவிடுகிறது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களைத் தமிழில் ஒருவர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். தோட்டத்தில் புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

ஆம்பூரார் அங்கே இல்லை.

ஐந்தாம் நாள், 24.9.2019, செவ்வாய், இம்பால்

140 கிலோமீட்டருக்கு முக்கால் பகல் ஆனது. மாவ் தாண்டியதும் மணிப்பூர். அறைக்கு வந்ததும் அப்பா தூங்கிவிட்டார்.

ஆறாம் நாள், 25.9.2019, புதன், இம்பால்

இம்பாலில் கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. ஒன்று பெரும்பாலும் பிரிட்டிஷாருடையது. மற்றது இந்தியப் படையினருக்கானது, அதற்குள்ளேயே எரியூட்டியவர்களின் நினைவுச் சின்னமும் இருக்கிறது. இன்று எங்களைக் கூட்டிப்போன ஓட்டுநர் இளைஞர். பாங்கல், அதாவது மணிப்பூரி முஸ்லிம். என் ரயில்வே இந்தி அவருக்குப் புரிந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னேன். காரை வெளியே விட்டுவிட்டு அவரும் உள்ளே வந்தார்.

நினைவுச் சின்னத்தில் முதல் முறை படித்தோம், இரண்டாம் முறை படித்தோம். வீட்டில் பார்த்த பட்டியல்தான் கல்லிலும். அந்தத் தேதிக்கு ஆள் இல்லை. இனி ரங்கூனுக்கு அருகே தவுக்யானில் உள்ள நினைவு மண்டபம்தான், அங்கே கல்லறை தெரியாதவர்கள் ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன, இன்னொரு பயணம் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோட்டப் பராமரிப்பாளர் வயதானவர், மைதைய் மொழியில் ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார். ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, "கல்லறைகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்" என்றார்.

பார்க்கவில்லை. மூன்று மாதமாக நான் எரியூட்டியவர்களின் பட்டியலை மட்டுமே புரட்டியிருக்கிறேன். மகாளயத்துக்குத் தாத்தா யாருக்கு இலை போட்டாரோ அந்த மனிதர் என்பதால் எரித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தேதியை மட்டும் போட்டு எல்லாப் பட்டியலிலும் தேடியிருந்தால் தர்மபுரியிலேயே கிடைத்திருக்கும். அந்த எண்ணமே எனக்கு எழவில்லை. அதை நினைக்க இப்போதும் நெஞ்சு சுடுகிறது.

வரிசை வரிசையாக நடந்தோம். பஞ்சாப், பலூச், ஆப்பிரிக்கப் படைகள், மருத்துவப் பிரிவு, சுமை கழுதை ஓட்டியவர்கள். நோயில் செத்தவர்களும் குண்டில் செத்தவர்களும் ஒரே அளவு இடத்தில். மலேரியாவும் காட்டு டைபஸும் தின்ற உயிர்கள் நிறைய. தாத்தா சொன்ன 'மஞ்ச மாத்திரை' நினைவுக்கு வந்தது. மெபாக்ரின். அதிகாரி முன்னால் நின்று விழுங்கினால்தான் விடுவார்களாம், எல்லோருக்கும் தோலே மஞ்சளாகிவிடுமாம்.

அப்பாதான் முதலில் நின்றார். ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பார். தேதியை முதலில் படித்திருக்கிறார். பிறகு சாப்பர் என்ற சொல்லை. பிறகு பெயரை.

முஸ்லிம் பெயர்.

அப்பா கல்லைப் பார்த்தபடியே, "பேரீச்சம்பழம்" என்றார்.

எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆம்பூராரின் இலையில் தாத்தா எப்போதும் முதலில் இரண்டு பேரீச்சம்பழம் வைப்பார். அதற்காகவே முந்தின நாள் தர்மபுரி போய் வாங்கி வருவார். அவருக்குப் பிடித்த பண்டம் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மற்ற இலைகளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்; இந்த இலைக்கு இறைக்க மாட்டார். அந்நியர் என்பதால் இறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம். நாற்பத்து மூன்று வருடம் இந்த மனிதர் தன் நண்பனின் மார்க்கத்தை அறிந்து, அதற்கு மாறாக ஒன்றும் செய்யாமல், தன் வீட்டு முறையில் மரியாதை செய்திருக்கிறார். பாட்டி கேட்ட கேள்விக்கு அவர் சொன்னது தட்டிக்கழித்த பதில் இல்லை. சாப்பர் லைனில் ஒரே சட்டியில் தின்று, ஒரே பேனலை ஆறு பேராகத் தூக்கியவர்களுக்கு அதுதான் உண்மையான பதில்.

ஓட்டுநர் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கைகளை விரித்து ஃபாத்திஹா ஓதினார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஓதி முடித்ததும் அவர் முகத்தைத் தடவிக்கொள்ள, அப்பாவும் அப்படியே செய்தார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆம்பூர்ப் பக்கம் அவர் வீட்டார் இருப்பார்கள். முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாம் நாள், 26.9.2019, வியாழன், நம்போல்

திட்டிம் சாலையில் இம்பாலுக்குத் தெற்கே ரெட் ஹில் என்று ஒரு சிறு குன்று. ஊர்ப் பெயர் மைபம் லோக்பா சிங். 1944 மே கடைசியில் இந்த இடத்துக்காகப் பத்து நாள் சண்டை. அடிவாரத்தில் ஜப்பானியர் கட்டிய நினைவிடம், அருகில் மூன்று மாதத்துக்கு முன் திறந்த அமைதி அருங்காட்சியகம். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த தண்ணீர் போத்தல்களும் துருப்பிடித்த தோட்டாக் கூடுகளும் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கால் வலி. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

எட்டாம் நாள், 27.9.2019, வெள்ளி, மோரே

நேற்றே அதே ஓட்டுநரைத்தான் கேட்டு வைத்தோம். 110 கிலோமீட்டர். பள்ளேல் வரை சமவெளி, நெல் பால் பிடித்து நிற்கிறது. அதற்குப் பிறகு மலை. தெங்நௌபல் அருகே செனாம் கணவாயில் மேகம் சாலைக்கு வந்துவிட்டது. இங்குள்ள குன்றுகளுக்குப் பட்டாளத்தார் ஜிப்ரால்டர், மால்டா, கிரீட் என்று பெயர் வைத்து மாதக் கணக்கில் சண்டை போட்டார்கள். இந்தச் சாலையை லாரி போகிற அளவுக்கு அகலப்படுத்தியது 1942-லிருந்து பொறியாளர் படைகளும் ஆயிரக்கணக்கான கூலிகளும். மழையில் ஒவ்வொரு இரவும் எங்காவது சரிந்துவிடும். காலையில் மறுபடி வெட்ட வேண்டும்.

இறக்கத்தில் லோக்சாவ் ஆறு. அதன் மேல் பெய்லி பாலம். அப்பா "நிறுத்து" என்று தமிழிலேயே கத்தினார்.

இந்தப் பாலம் போர்க்காலத்தது இல்லை. வடிவம் மட்டும் அதேதான். டொனால்ட் பெய்லி 1940-இல் வரைந்தபடி இன்றும் கொல்கத்தாவில் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனத்தில் இவற்றைச் செய்கிறார்கள். ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், 570 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம். கிரேன் வேண்டாம். கரையில் உருளைகள் மேல் வைத்துப் பேனலோடு பேனலைக் கோத்து, முன்னால் எடை குறைந்த மூக்கு ஒன்றைப் பூட்டி, ஆள்பலத்தில் தள்ளினால் பாலம் ஆற்றுக்கு மேலே நீண்டுகொண்டே போய் அக்கரையைத் தொடும். பேனலையும் பேனலையும் கோப்பதுதான் பின்.

அப்பா பெட்டியைத் திறந்து வேட்டியை விரித்து பாலக்கட்டையை எடுத்தார். பாலத்தின் ஓரத்தில் குனிந்து, இரண்டு பேனல்கள் சேரும் இடத்தில் இறங்கியிருந்த பின்னின் தலையைத் தடவினார். அதே கோடு. அடுத்த கையில் எங்கள் வீட்டுக் கட்டை. அதில் கோடு பாதி தேய்ந்திருக்கிறது, பாட்டியின் உள்ளங்கை பட்டு. முனைத் துளையில் சிறு கொக்கி மாட்டியிருக்கிறது பாலத்தில். எங்களுடையதில் மிளகுத் தூள் இறுகிக் கிடக்கிறது. தலைக் கோடு எதற்கு என்று ஓட்டுநரிடம் நான் விளக்கினேன். பின்னை உள்ளே செருகிவிட்டால் மறுபக்கத் துளை கண்ணுக்குத் தெரியாது; தலையில் உள்ள கோடு எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ, துளையும் அதே திசையில் இருக்கும். இருட்டில், மழையில், விரலால் தடவியே கொக்கியை மாட்டலாம்.

இருட்டில்தானே கட்டியிருப்பார்கள், என்றார் அப்பா.

ஒரு லாரி ஏறியது. பலகைகள் தடதடவென்று அதிர்ந்து, அப்பாவின் கைக்குள் வந்து, அடங்கின. பாலத்தைக் காவல் காத்த ஜவான் எங்களைப் போகச் சொன்னார். பொருள் என்னவென்று தெரிந்ததும் அவரும் கையில் வாங்கி ஒருமுறை எடை பார்த்துவிட்டுத் தந்தார்.

குதெங்தாபி சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். மோரேக்கு வந்து சேர இருட்டிவிட்டது. தெருவில் முதலில் காதில் விழுந்தது தமிழ்.

ஒன்பதாம் நாள், 28.9.2019, சனி, மோரே, மகாளய அமாவாசை

1962-க்குப் பிறகு பர்மாவில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். ஊரில் வேர் பிடிக்காத சிலர் தரைவழியாகவே மறுபடி பர்மா போக இங்கே வந்தார்கள். எல்லையில் விடவில்லை. வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் இட்லிக் கடையும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடையும் அப்படி வந்தவை. தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் வெட்டிச் செப்பனிட்ட சாலையின் கடைசி ஊரில் நம் சனம் குடியிருக்கிறது என்பதை அவர் அறியாமலே போனார். அறிந்திருந்தால் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

காலையில் அடையாள அட்டையைக் கொடுத்துச் சீட்டு வாங்கி எல்லைக்கு அந்தப் பக்கம் நம்ஃபலோங் சந்தைக்குப் போனோம். அங்கிருந்து தாமு, அதற்கப்பால் கபாவ் பள்ளத்தாக்கு. 1944 கடைசியில் படை அந்த வழியாகக் கலேவா போய், டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலத்தை மிதவைகளில் கட்டியது. கபாவ் பள்ளத்தாக்கில் கல் கிடைக்காது, எல்லாம் குழைமண். "சாக்கு விரிச்சு ரோடு போட்டோம்" என்று தாத்தா சொன்னால் ஊரே சிரிக்கும். உண்மைதான். வங்காளத்துச் சணல் துணியைத் தாரில் முக்கி, சமன் செய்த மண்ணின் மேல் ஒன்றன் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி விரித்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்காத வரை மண் தாங்கும். கிழிந்தால் தைக்கிற மாதிரி ஒட்டுப் போடுவார்கள். இன்று அந்த வழியில் இருக்கும் சாலையை 2001-இல் கட்டிக் கொடுத்ததும் நம் எல்லைச் சாலை அமைப்புதான்.

சந்தையில் பேரீச்சம்பழம் கிடைத்தது. அப்பா தானே பொறுக்கி எடுத்தார்.

கோயிலுக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய வீட்டம்மா, விஷயத்தைக் கேட்டதும் சமையலறையை எனக்கு விட்டுவிட்டார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்கூட்டு, பருப்பு, வடை, பாயசம். அவரே தன் பங்குக்குத் தக்காளி ரசம் வைத்தார். புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. தெருவில் யார் வீட்டிலோ கோவிந்தா சத்தம் கேட்டது.

உள்ளே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மற்றவர்களுக்கும் போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்தோம். பிறகு திண்ணையில் ஒரு இலை. அப்பா தண்ணீர் தெளித்துத் துடைத்து, முதலில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்தார். எள் எடுக்கவில்லை. பாலக்கட்டையை இலையின் தலைமாட்டில் வைத்தார். பிறகு, ஒவ்வொரு வருடமும் "ஆம்பூராரே, வந்து சாப்பிடுங்க" என்று சொல்லும் இடத்தில், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயரின் பின்பாதி கொஞ்சம் திக்கியது. மறுபடி ஒருமுறை, சரியாகச் சொன்னார்.

அந்த இலைச் சோற்றைத் தாத்தா காக்கைக்கு வைக்க மாட்டார். அந்த நேரத்தில் வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்களை உட்காரவைத்துப் பரிமாறுவார். இன்று வாசலில் நின்றது எங்கள் ஓட்டுநர், இம்பாலுக்குக் கிளம்பலாமா என்று கேட்க வந்தவர். அப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். யாருடைய இலை என்று நான் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, பிஸ்மில்லா சொல்லி, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேரீச்சம்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றதைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் மகளுக்கு மூன்று வயதாம்.